குடியேறியவரும் கூட்டி வரப்பட்டவரும்

இலக்கியக் கூட்டங்களில் ஒரு பேச்சு அடிக்கடி நம் காதில் விழுகிறது. தேனிக்கு மேற்கே நிற்கும் மலையில் பாலாவிலிருந்தும் காஞ்சிரப்பள்ளியிலிருந்தும் ஏறி வந்த மலையாளிக் குடும்பங்கள் இரண்டு தலைமுறைக்குள் ஏலத்தோட்டம், மாடி வீடு, வெளிநாட்டில் செவிலியராகப் பணிபுரியும் மகள் என்று உயர்ந்துவிட்டன. அவர்களுக்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே அதே மலையில் ஏறிய நம் ஆட்களோ இன்னும் லயத்தில் கிடக்கிறார்கள். ஏன் இப்படி என்று கேட்டால் இரண்டு விடைகள் தயாராக வைத்திருக்கிறார்கள். அவன் உழைத்தான், சேமித்தான், பிள்ளைகளைப் படிக்க வைத்தான். இவன் குடித்தான், கொடைக்கும் கல்யாணத்துக்கும் கடன் வாங்கினான் என்பது ஒரு சாரார் விடை. மலையாளி வஞ்சித்தான் என்பது மறு சாரார் விடை. இவ்விரண்டையும் நாம் மறுக்கிறோம். முதலாவது அவதூறு. இரண்டாவது பாதி உண்மை; ஆகையால் அதைக் கையாளுவது இன்னும் கடினம்.

மலை ஏறிய கதையை முதலிலிருந்து பார்த்தால்தான் வழக்கு விளங்கும். 1877 ஜூலையில் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளின் உரிமையை எழுதி வாங்கினார். பரப்பு ஏறத்தாழ 227 சதுர மைல். அதே ஆண்டில் சென்னை மாகாணம் தாது வருடப் பஞ்சத்தில் (1876–78) செத்துக்கொண்டிருந்தது. இவ்விரு செய்திகளையும் ஒரே மூச்சில் சொல்லிப் பார்க்க வேண்டும். மேலே வெட்டித் திருத்தக் காடு, கீழே சோறில்லாத ஊர்கள், இடையே கங்காணி. (முதுவரும் மன்னான்களும் அக்காட்டில் முன்பே இருந்தார்கள். அவர்களைக் கேட்டு எவரும் உரிமை எழுதவில்லை. அது தனியே எழுத வேண்டிய அநியாயம்.) அடுத்து வந்த பத்தாண்டுகளில் கங்காணிமார் முன்பணம் கொடுத்துத் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களைத் திரட்டினர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். மூணாற்றில் விளைந்த தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடிநாயக்கனூர் வந்து சேர்ந்தது. பெட்டிக்குக் கம்பிவடம் இருந்தது. கூலிக்காரர் நடந்து ஏறினார்கள்.

இவர்களைக் குடியேறிகள் என்று சொல்வதே பிழை என்பது நம் கருத்து. குடியேறுதல் என்றால் குடி ஏறுதல். ஓரிடத்தில் குடியாக ஆதல். லயத்துக்கு வந்தவருக்கு அந்த உரிமை ஒருநாளும் இருந்ததில்லை. வேலை உள்ளவரை ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. வேலை முடிந்தால் மூட்டை கட்ட வேண்டும். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் ஆகியவற்றை நிறுவனத்தின் கடமையாக்கியது. நல்ல சட்டம்தான். ஆனால் வீட்டைத் தருவது கடமையானபோது வீட்டைப் பெறுவது வேலையோடு முடிச்சிடப்பட்டது. பெண் கொழுந்து பறிப்பதை நிறுத்தினால் பிள்ளைகளுக்குக் கூரை இல்லை. ஆகவே வீட்டில் ஒருவராவது வேலையில் பெயர் கொடுத்தாக வேண்டும். தாய்க்குப் பின் மகள், மகளுக்குப் பின் மருமகள் என்று கூடை கைமாறியது இப்படித்தான். இதற்குக் கல்வியில் நாட்டமின்மை என்று பெயர் சூட்டுகிறவர்கள், லயத்தில் பிறந்து கல்லூரி வரை வந்த ஒரு மாணவியிடமாவது அரை மணி நேரம் பேசிப் பார்க்கட்டும்.

இனி மற்றவர்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றது. திருவிதாங்கூர் பட்டினியை நோக்கிச் சென்றது. உணவுப் பயிர் பெருக்கும் திட்டத்தின்கீழ் 1940களில் மலைக்காடுகளைக் குத்தகைப்பாட்டமாக எடுத்துத் திருத்த அரசே இடம் கொடுத்தது. மத்தியத் திருவிதாங்கூரின் சிறு விவசாயிகள், பெரும்பாலும் சிரியன் கிறித்தவர்கள், மரவள்ளிக் கம்புகளோடு மலை ஏறினார்கள். யானையும் மலேரியாவும் அவர்களைத் தின்றன என்பதில் மிகையில்லை. அவர்களது உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை; அந்த உழைப்பு நிலத்தில் சேர்ந்தது, நம்மவர் உழைப்பு நிலத்துக்கு வெளியே போயிற்று என்று மட்டுமே சொல்கிறோம்.

1954இல் முதலமைச்சரான பட்டம் தாணுப்பிள்ளை அரசே முன்னின்று நடத்தும் குடியேற்றத் திட்டத்தைத் தொடங்கினார். குடும்பத்துக்கு 5 ஏக்கர் என்று கணக்கு. கல்லாரில் பட்டம் காலனி என்ற பெயரே அதற்குச் சான்று. அந்த ஆண்டின் சூழலை மறந்துவிடக் கூடாது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு போராடிக்கொண்டிருந்தது; நேசமணி மூணாற்றில் கைதானார்; ஆகஸ்டில் தென் திருவிதாங்கூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1955இல் பசல் அலி ஆணையம் அவ்விரு வட்டங்களும் கேரளத்துக்கே என்று பரிந்துரைத்தது. எல்லைத் தகராறு முற்றியிருந்த மலையில் யாருக்கு 5 ஏக்கர் தரப்பட்டது, யாருக்குத் தரப்படவில்லை என்பது தற்செயலன்று. மறு சாராரின் விடையில் உள்ள பாதி உண்மை இதுதான்.

மீதிப் பாதிக்கு வருவோம். குடியேறிய மலையாளிக்கும் அரசு தாயாக இருந்துவிடவில்லை. 1961இல் இடுக்கி அணைத் திட்டத்துக்காக ஐயப்பன்கோயில் விவசாயிகள் வீடு பிய்த்தெறியப்பட்டு, குமுளிக்கு அருகே அமராவதியில் மழையில் கொண்டு விடப்பட்டார்கள். அப்போதும் முதலமைச்சர் அதே பட்டம் தாணுப்பிள்ளைதான்! அங்கே ஏ. கே. கோபாலன் உண்ணாநோன்பு இருந்தார். கம்யூனிஸ்டு எதிர்ப்பில் பேர்போன பாதிரியார் வடக்கன் அவரோடு நின்றார். செங்கொடியும் சிலுவையும் ஒரே பந்தலில் நிற்குமளவுக்கு அந்த மக்களுக்கு வலிமை இருந்தது. வாக்கு, தேவாலயம், கட்சி, பத்திரிகை எல்லாம் அவர்கள் பக்கம் திரும்பின. கடைசியில் 1977 ஜனவரி 1க்கு முன் காட்டு நிலத்தில் குடியிருந்தோருக்குப் பட்டயம் என்ற கோடு கிழிக்கப்பட்டது. நாம் பட்டா என்பதை அங்கே பட்டயம் என்பார்கள்.

பட்டயம் வெறும் காகிதமன்று. அதைக் காட்டினால் கூட்டுறவு வங்கியில் கடன் கிடைக்கும். கடனில் மகளைச் செவிலியர் படிப்புக்கு அனுப்பலாம். மகள் அனுப்பும் பணத்தில் மிளகுக் கொடியைப் பிடுங்கிவிட்டு ஏலம் நடலாம். விலை வீழ்ந்தால் அரை ஏக்கரை விற்றுத் தப்பலாம். தப்ப முடியாதவர்களும் உண்டு. 2018 வெள்ளத்துக்குப் பின் இடுக்கியில் கடன்பட்ட விவசாயிகள் தற்கொலை செய்துகொண்ட செய்திகளை மறக்கவில்லை. ஆனால் கடன்படுவதற்கே ஒரு தகுதி வேண்டும். 2000ஐ ஒட்டித் தேயிலை விலை சரிந்து பீர்மேட்டில் தோட்டங்கள் கைவிடப்பட்டபோது, அங்கிருந்த தமிழ்த் தொழிலாளிக்கு அடகு வைக்க என்ன இருந்தது? ஒழுகும் லயம் நிறுவனத்துடையது. நிறுவனமே ஓடிவிட்டது.

1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கேரள நிலச் சீர்திருத்தத்தை நாடே புகழ்கிறது. குடிகிடப்புக்காரருக்கு வீட்டடி மண்ணைச் சொந்தமாக்கிய சட்டம் அது. தோட்டங்களுக்கு மட்டும் உச்சவரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. 1971இல் கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டமும் வந்தது. தேயிலை நின்ற மண்ணும் லயம் நின்ற மண்ணும் அதன் பின்னும் நிறுவனத்திடமே தங்கின. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தம்பிகளோடு தெருத் தெருவாகப் பாடி எந்தக் கட்சிக்கு வாக்குச் சேகரித்தாரோ, அந்தக் கட்சி கொண்டுவந்த சீர்திருத்தம் அந்த வாக்காளர்களின் லயத்து வாசலில் நின்றுவிட்டது. கசப்பான செய்திதான். இசைஞானியின் இளமைக் கதையாக இத்தேர்தலைச் சொல்லி மகிழும் நாம், அந்தத் தேர்தலில் வாக்களித்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டதில்லை.

சரி, மொழிதான் காரணமென்றால் மறையூர், காந்தலூர், வட்டவடை எல்லாம் என்ன? அஞ்சுநாட்டுத் தமிழர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் மதுரைப் பக்கமிருந்து போனவர்கள் என்பது அவர்களது மரபு. நிலத்தோடு இருக்கிறார்கள், மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடே கிடைத்தது. அதே கேரள அரசு, அதே தமிழ் மொழி. ஏல மலையில் தோட்டம் வைத்திருப்பவர்களில் போடி, கம்பத்துத் தமிழ் முதலாளிகளும் கணிசம். போடியில் ஏலம் எடுக்கும் வணிகர்களும் நம்மவர்களே. கம்பம் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்ளலாம். கன்னடம் பேசும் ஒக்கலிகர், தெலுங்கு பேசும் கம்மவார் ஆகியோர் இங்கு வந்தேறி, வயலும் திராட்சைத் தோட்டமும் கொண்டு, வீட்டில் தம் மொழி பேசி, ஊரில் மதிப்போடு வாழ்கிறார்கள். அவர்களுக்கு உழைப்பு மட்டும் சோறு போடவில்லை. மண் கிடைத்தது, 1895க்குப் பின் அந்த மண்ணுக்குப் பெரியாற்றுத் தண்ணீரும் கிடைத்தது.

வெளியே ஒரு கணம் பார்ப்போம். மலாயாவில் 1956இல் பெல்டா என்ற நில வளர்ச்சி வாரியம் அமைந்தது. நிலமற்ற கிராமத்து மலாய்க்காரர்களைக் காட்டில் குடியமர்த்தி, குடும்பத்துக்குச் சுமார் 10 ஏக்கர் ரப்பரோ எண்ணெய்ப்பனையோ தந்தார்கள். பக்கத்து ரப்பர் தோட்டத்தில் தலைமுறையாகப் பால் வெட்டிய தமிழர், தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயத்தையும் இழந்து நகரத்துப் புறம்போக்குக்குப் போனார்கள். இங்கும் அங்கும் ஏறத்தாழ ஒரே ஆண்டுகள். அங்கேயும் ‘தமிழன் குடிகாரன்’ என்ற விளக்கம்தான் கைவசம் இருந்தது.

லயத்துப் பெண்கள் இந்த விளக்கத்துக்கு 2015 செப்டம்பரில் பதில் சொன்னார்கள். 2005இல் டாட்டா நிறுவனம் மூணாற்றுத் தோட்டங்களிலிருந்து விலகி, தொழிலாளரைப் பங்குதாரராகக் கொண்ட கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. பங்குதாரர் என்ற பட்டம் சூட்டப்பட்ட அந்தப் பெண்கள் 20 விழுக்காட்டு போனஸ் 10 ஆகக் குறைந்ததும் சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே விடவில்லை. பெம்பிளை ஒருமை என்ற பெயரில் மூணாற்றையே ஒன்பது நாள் நிறுத்தினார்கள். போனஸ் குறைப்பு நின்றது. அடுத்த மாதம் நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆயிற்று. கேட்டது 500. அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எந்த நாக்கு எழும்?

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லயங்கள் போயின. 70 பேர் இறந்தார்கள். குடும்பங்களில் பெரும்பாலானவை கயத்தாற்றுப் பூர்வீகம் கொண்டவை. மறுநாள் கோழிக்கோட்டில் விமானம் விழுந்தது. விமானத்தில் இறந்தவருக்கு 10 இலட்சம், லயத்தில் இறந்தவருக்கு 5 இலட்சம் என்று கேரள அரசு அறிவித்தது. அது குறித்துச் சினந்த தமிழ்ப் பத்திரிகைகளைப் படித்தோம். அந்தச் சினம் நியாயமானது. ஆனால் எழுபது பேர் ஏன் அந்தச் சரிவின் கீழ் உறங்கினார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். தனக்கு மண் உள்ளவன் வீட்டை இடம் மாற்றிக் கட்டுவான். லயத்தில் இருப்பவனுக்கு இடத்தைத் தேர்வது நிறுவனம்.

நம் இலக்கியத்தையும் விட்டுவிட முடியாது. திருவிதாங்கூரிலிருந்து மலபாருக்குப் போன குடியேறிகளைப் பற்றி எஸ். கே. பொற்றெக்காட் 1948இலேயே ‘விஷகன்யகா’ நாவலை எழுதினார். நம்மிடம் வால்பாறைக்கு ‘எரியும் பனிக்காடு’ வந்தது, அதுவும் ஆங்கிலத்திலிருந்து. தேனி மலையடிவாரத்தின் கதையை அழுத்தமாகச் சொன்னது நாவலன்று, 2018இல் வந்த லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ என்ற திரைப்படம். அதன் நாயகன் ரங்கசாமி துண்டு நிலம் வாங்க வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் விரும்பவில்லை. இறுதியில் தன் நிலத்தில் நிற்கும் காற்றாலைக்குக் காவல்காரனாகிறான். அப்படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்ட நண்பர்கள்தாம் கூட்டத்தில் குடிப்பழக்கம் பற்றிப் பேசுகிறார்கள்.

இன்றும் விடியுமுன் கம்பம், தேவாரம், போடியிலிருந்து பெண்களைத் திணித்த ஜீப்புகள் கம்பமெட்டு, போடிமெட்டு வழியே ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகின்றன. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாற்றுச் சண்டை மூண்டபோது அடிபட்டு இறங்கி ஓடி வந்தவர்களும் இவர்களைப் போன்ற கூலிகளே. பள்ளத்தாக்கே திரண்டு குமுளிக்கு நடந்தது. சண்டை ஓய்ந்ததும் அதே பெண்கள் அதே ஜீப்பில் ஏறினார்கள். இங்கே கீழேயும் அவர்களுக்கு நிலமில்லை என்ற செய்தி அந்த ஊர்வலத்தில் எந்தத் தட்டியிலும் எழுதப்படவில்லை.

லயத்துத் தலித் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் கிடைப்பதில்லை என்பது பழைய வழக்கு. 1950க்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்ததற்கு ஆவணம் கேட்கிறார்கள். நிலமே இல்லாதவரிடம் நில ஆவணம் எங்கிருந்து வரும்? மூன்று தலைமுறைக்குப் பின்னும் பிற மாநிலத்தவர் என்று எழுதி, இட ஒதுக்கீட்டை மறுக்கிறார்கள். ஆனால் யார் எந்த ஆண்டில் பேர் பதிந்தார், எத்தனை நாள் வேலை செய்தார் என்று நிறுவனங்கள் கூலிக் கணக்கு எழுதி வந்திருக்கின்றன. கூலியைக் குறைக்கப் போதுமான அந்தச் செக்ரோல் ஏடு, குடியிருப்பை மெய்ப்பிக்கவும் போதும் என்று கேரள அரசு ஆணையிட வேண்டும். ஓய்வு பெறும் தொழிலாளிக்கு அம்மலையிலேயே வீட்டடி மண்ணும் பட்டயமும் வேண்டும். இவை எல்லைப் போராட்டக் கோரிக்கைகள் அல்ல. இடுக்கியில் ஏற்கெனவே ஒரு சமூகத்துக்குத் தரப்பட்டவை. இவற்றைக் கேட்டு மனு எழுத நம் கல்லூரித் தமிழ்த்துறைகளில் ஆள் உண்டு. மலையாளத்தில் பெயர்க்கக் கம்பத்திலும் போடியிலும் தெருவுக்கு நால்வர் உண்டு.