நலமாயிருக்கும் குரங்குக்கும் இரத்தச் சோதனை

மாணவர்களே! நம் மல்லசமுத்திரத்திலிருந்து சேலம் செல்வோர் சேர்வராயன் மலையடிவாரத்திலுள்ள குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவையும் பார்த்து வருவதுண்டு. அங்குள்ள நாட்டுக் குரங்குகளில் ஒன்று நோயுற்றிருந்தால் உங்களால் கண்டுபிடிக்க முடியுமா? எளிதன்று. குரங்கு தன் நோயை மறைக்கும் இயல்புடையது. தளர்ச்சி வெளிப்பட்டால் கூட்டத்தில் அதன் இடம் பறிபோகுமே! அது சோர்ந்து படுப்பதற்குள் நோய் முற்றிவிடுகிறது.

ஆகவேதான் மருத்துவர் இரத்தத்தைச் சோதிக்கிறார். செவ்வணுக்கள் குறைந்தால் இரத்தசோகை; யூரியாவும் கிரியாட்டினினும் மிகுந்தால் சிறுநீரகக் கோளாறு என ஐயுறலாம். மனிதரிடமிருந்து குரங்குக்குத் தொற்றும் காசநோய்க்கும் சோதனை உண்டு. குரங்கின் இரத்தத்தோடு காசநோய்க் கிருமியின் புரதத்தைச் சேர்த்து வைப்பார்கள். அக்கிருமியை முன்பே சந்தித்த வெள்ளணுக்கள் 'இன்டர்பெரான்-காமா' என்னும் பொருளைச் சுரக்கும்.

ஆனால், ஒரு சிக்கல். சிறு கிண்ணத்து வெந்நீரில் குளிர்ந்த வெப்பமானியை வைத்தால் நீரின் வெப்பநிலையே சற்றுக் குறைகிறது அல்லவா? அளக்கும் செயலே அளக்கப்படும் பொருளை மாற்றிவிடுகிறது. துரத்திப் பிடித்த குரங்கிடமும் இதுவே நிகழ்கிறது. அச்சத்தால் அட்ரினலின் சுரக்கிறது. இரத்தத்தில் சர்க்கரையும் வெள்ளணுக்களும் கூடுகின்றன. நோயற்ற குரங்கும் நோயாளியாகத் தோன்றலாம்!

இன்னொரு கேள்வி: எந்த அளவோடு ஒப்பிடுவது? மனிதனின் அட்டவணை குரங்குக்குப் பொருந்தாது. சிம்பன்சியின் அட்டவணை நாட்டுக் குரங்குக்குப் பொருந்தாது. ஒரே இனத்திலும் வயதுக்கேற்ப அளவுகள் மாறும்.

எனவே என் கருத்து இது: நோய் வந்தபின் எடுக்கும் இரத்தத்துக்குப் பொருள் தருவது, நலமாயிருந்தபோது எடுத்த இரத்தமே. காயத்துக்குத் தையலிட மயக்க மருந்து கொடுக்கும்போதே சில மில்லிலிட்டர் இரத்தமும் எடுத்துச் சோதிக்கலாம். எடுத்த முறையையும் முடிவையும் அந்தக் குரங்குக்கென உள்ள ஏட்டில் குறித்து வைக்க வேண்டும். இரத்தம் கொடுக்கத் தாமாகவே கை நீட்டும்படி, பழம் கொடுத்துச் சிம்பன்சிகளைப் பழக்கிய பூங்காக்களும் உலகில் உண்டு. அங்கே துரத்தலும் இல்லை, அச்சமும் இல்லை.

'நலமாயிருக்கும் குரங்குக்கு ஏன் இந்தச் செலவு?' எனச் சிலர் கேட்கலாம். கூண்டில் அடைத்தவர்கள் நாம். அது வாய் திறந்து சொல்ல முடியாததை அறிந்துகொள்ளும் பொறுப்பும் நம்முடையதே.

நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. நாளை உங்களில் சிலர் அங்கே பயிலலாம். அப்போது நோயுற்ற குரங்கிடம் மட்டுமன்றி, துள்ளி விளையாடும் குரங்கிடமும் செல்லுங்கள்!