வெயிலுக்கும் விமானம் நிற்கும்!

மழை கொட்டினால் விமானம் நிற்கும். மூடுபனி என்றாலும் நிற்கும். ஊரறிந்த சங்கதி. வானம் பளிச்சென்று இருக்கும்போது, வெயிலுக்காக நிறுத்தினால்? "சும்மா கதை விடுறாங்கப்பா" என்றுதான் தோன்றும்.

கதையல்ல. 2024 ஜூலையில் லடாக்கின் லே நகரில் இப்படித்தான் விமானங்கள் ரத்தாயின. லே விமான நிலையம் இருப்பது 10,600 அடிக்கு மேல். அங்கே காற்று ஏற்கெனவே லேசு. வெயில் ஏறினால் இன்னும் லேசாகிவிடும். இறக்கையைத் தூக்கிவிடும் பலம் குறையும். என்ஜினின் உந்துவிசையும் மட்டுப்படும். மேலே எழும்ப நீண்ட ஓடுபாதை வேண்டும். ஓடுபாதையை இழுத்து நீட்ட முடியுமா? சுற்றிலும் மலை! ஆளையோ சாமானையோ குறைக்க வேண்டும். அதுவும் போதாவிட்டால் நிறுத்தத்தான் வேண்டும்.

அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் 2017 ஜூனில் வெயில் 48 டிகிரியைத் தொட்டபோது, சிறிய ஜெட் விமானங்கள் கிளம்பவே இல்லை.

எனவே விமானியைத் திட்டிப் பயனில்லை. அவர் செய்வது சரி. ஆனால் கம்பெனிக்காரர்களைச் சும்மா விடமுடியாது. மறுநாள் வெயில் ஏறும் என்பது வானிலை அறிக்கையிலேயே தெரிந்துவிடுகிறது. பயணிகளை மூட்டை முடிச்சோடு வரவழைத்து, கவுண்ட்டரில் கால் கடுக்க நிற்கவைத்து, "வானிலை சரியில்லை" என்று கையை விரிப்பது என்ன நியாயம்? வெயில் ஏறுமுன் கிளம்பும் விமானத்தில் இடம் கொடுங்கள். இல்லையா, டிக்கெட் பணத்தை இழுத்தடிக்காமல் திருப்பிக் கொடுங்கள்!