கையெழுத்தும் கைப்பழக்கமும்



அண்மையில் ஒரு நாள் காலைத் திருப்பலி முடிந்து நாம் கோவிலை விட்டு வெளியே வந்தபோது, நமது பங்கைச் சேர்ந்த ஒரு விதவைத் தாய் தம் மகனுடன் காத்து நின்றார். "தோத்திரம் சுவாமி! இவனை லாரி ஓட்டப் படிக்க வைக்கலாம் என்றிருக்கிறேன். இரண்டு பயிற்சிப் பள்ளிகளில் விசாரித்தோம். எதில் சேர்ப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார். அவருடைய முந்தானை முனையில் ஏதோ ஒன்று முடிந்திருந்தது. அடகு வைப்பதற்காகக் கழற்றிய கழுத்துச் சங்கிலி அது என்பதைப் பின்னரே அறிந்தோம்.

மகனுக்கு வயது 21. இலகுரக வாகன உரிமம் பெற்று, இரண்டு ஆண்டுகளாகச் சிறிய சரக்கு வண்டி ஒன்றைச் சம்பளத்துக்கு ஓட்டி வருகிறான். பெரிய லாரி ஓட்டினால் வருவாய் பெருகும், தங்கையின் படிப்பும் தடைப்படாது என்பது அவன் எண்ணம். நல்ல எண்ணமே. முதற்பள்ளியில் கட்டணம் குறைவு. "தம்பி தினமும் வர வேண்டியதில்லை, காகிதங்களில் கையெழுத்துப் போட்டால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்களாம். இரண்டாம் பள்ளியிலோ ஒரு மாதம் முழுவதும் வர வேண்டும்; கட்டணமும் அதிகம்; அத்தனை நாள் கூலியும் போய்விடும். "உரிமம் இரண்டு இடத்திலும் ஒன்றுதானே, சுவாமி?" என்று அந்தத் தாய் கேட்டார்.

அக்கேள்விக்கு நாமே ஒரு முறை 'ஆம்' என்று விடை சொன்னதுண்டு. பல ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு பங்கில் நாம் பணியாற்றியபோது, ஓர் இளைஞன் இவ்விதமே குறுக்கு வழியில் உரிமம் பெற்று வந்தான். எப்படிப் பெற்றான் என்று நாம் கேட்கவில்லை. வேலை கிடைத்ததே என்று மகிழ்ந்தோம். அவன் ஓட்டவிருந்த லாரியை மந்திரித்துத் தீர்த்தமும் தெளித்தோம். இரண்டாம் மாதம் ஒரு மலைச்சரிவில் பாரத்துடன் இறங்கியபோது, டீசல் மிச்சமாகட்டும் என்று கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டான். சரிவின் அடியில், வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பத் தலைவர் சக்கரத்துக்கு இரையானார். கால் முறிந்து மருத்துவமனையில் கிடந்த அந்த இளைஞன், "பிரேக்கை மிதித்தேன் சுவாமி, பிடிக்கவில்லை. நியூட்ரலில் இறங்கக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை" என்று அழுதான். அவன் பொய் சொல்லவில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டிய நாட்களில் அவன் பள்ளியில் இருக்கவே இல்லையே! அவன் மீது மட்டும் குற்றம் சுமத்த நம் மனச்சான்று இடம் தரவில்லை. கேட்க வேண்டியதைக் கேளாத நமக்கும் அதில் பங்குண்டு.

சேலத்திலிருந்து தருமபுரி செல்லும் நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாயைக் கடந்தவர்கள், அங்கு நடந்த விபத்துகளைக் கேள்விப்பட்டிருப்பார்கள். சரிவிலே வண்டியைக் கியரில் வைத்து இறக்கினால், எஞ்சினே வேகத்தைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் விட்டால் முழுப் பாரத்தையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். மிதித்துக்கொண்டே இருக்க, பிரேக் டிரம் கொதித்துப் பிடிப்புத் தளர்ந்துவிடும். பின்னர் எவ்வளவு மிதித்தும் பயனில்லை. சில ரூபாய் டீசலுக்காக ஓர் உயிர்! இதை ஒரு நல்ல பயிற்றுநர் அரை மணி நேரத்தில் விளக்கிவிடுவார். ஆனால் கையும் காலும் அதைப் பழகுவதற்குப் பல நாள் ஆகும்.

சிறு வண்டி ஓட்டத் தெரிந்தவனுக்குப் பெரிய லாரி தானே வந்துவிடும் என்று பலர் நினைக்கின்றனர். அப்படியன்று. காற்றழுத்த பிரேக் கொண்ட லாரியில், காற்று போதிய அளவு ஏறும்வரை வண்டியை நகர்த்தலாகாது. திருப்பத்தில் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது. உட்புறம் வெட்டிக்கொண்டு வரும். ஓட்டுநரின் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் தப்பும் இடங்கள் வண்டியைச் சுற்றிலும் உண்டு. மிதிவண்டிக்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் அங்கேதான் அகப்படுகின்றனர். பாரத்தை எப்படிப் பகிர்ந்து ஏற்றுவது, கயிறும் தார்ப்பாயும் எப்படிக் கட்டுவது, பின்னோக்கி எப்படி எடுப்பது, தூக்கம் கண்ணை அழுத்தும்போது எங்கே ஒதுக்கி நிறுத்துவது, இவையெல்லாம் தனிப் பாடங்கள்.

முற்காலத்தில் இப்பாடங்களை ஓட்டுநரே கிளீனருக்குக் கற்றுக்கொடுத்தார். நாமக்கல், சங்ககிரி வட்டாரங்களில் வண்டி கழுவி, டயர் மாற்றி, இரவெல்லாம் உடன் விழித்திருந்து, ஆண்டுக்கணக்கில் கண்ணால் கற்று ஓட்டுநரானவர்கள் அநேகர். அந்த வழியில் குறைகளும் இருந்தன. குருவின் தவறு சீடனுக்கும் ஒட்டிக்கொண்டது. ஆயினும் கற்பதற்குக் காலம் என்ற ஒன்று அதில் இருந்தது. இன்று கிளீனர் இல்லாமலே பல லாரிகள் ஓடுகின்றன. ஆகவே, அந்த ஆண்டுகள் தந்த அறிவைப் பயிற்சிப் பள்ளிதான் தந்தாக வேண்டும். பள்ளியும் தராவிட்டால் வேறு யார் தருவார்?

இனி, சட்டம் சொல்வதைச் சிறிது அறிந்துகொள்வோம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்குரிய பழகுநர் உரிமம் பெற, இலகுரக வாகன உரிமத்தை ஓராண்டேனும் வைத்திருந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்ற விதி 2019-இல் நீக்கப்பட்டது. படிப்பை இடையில் நிறுத்திய பிள்ளைகளுக்கு இது ஒரு திறந்த கதவு. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை இலகுரக உரிமத்துடனேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. அதற்கு மேற்பட்ட லாரிகளுக்கு உரிய உரிமம் கட்டாயம் வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும்போது, பயிற்சி பெற்றதற்கான சான்றாகப் பள்ளி தரும் படிவம் 5-ஐ இணைக்க வேண்டும். மருத்துவரின் சான்றிதழும் வேண்டும். எனவே கட்டணம் கட்டுவதற்கு முன்பே கண்பார்வையைச் சோதித்துக்கொள்வது நலம். பணத்தைக் கட்டிய பின் கண் குறை தெரியவந்து கலங்கிய குடும்பத்தை நாம் கண்டிருக்கிறோம்.

பள்ளியைத் தேர்ந்துகொள்வது எப்படி? விளம்பரத்தைப் பார்த்தன்று, நேரில் சென்று பார்த்துத்தான். பள்ளிக்கு அரசு வழங்கிய உரிமத்தின் மூலமும், பயிற்றுநர்களின் பெயர்களும் அலுவலகத்தில் கண்ணில் படும்படி வைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த உரிமம் கனரக வாகனப் பயிற்சிக்கும் உரியதுதானா என்று வாசித்துப் பாருங்கள். பயிற்றுநர் பத்தாம் வகுப்புத் தேறி, ஐந்தாண்டு ஓட்டிய அனுபவமும், மோட்டார் இயந்திரப் பயிற்சிச் சான்றும் உடையவராக இருக்க வேண்டும் என்பது விதி. பயிற்சி லாரியில் பயிற்றுநரின் பக்கத்திலும் பிரேக் மிதி உண்டா என்று குனிந்து பாருங்கள். ஒரு லாரிக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள். பத்துப் பேர் ஏறி ஒருவர் ஓட்ட ஒன்பது பேர் வேடிக்கை பார்ப்பது பயிற்சியாகாது. இரவிலும் மழையிலும் சரிவிலும் பாரத்துடனும் பழக்குவார்களா என்றும் கேளுங்கள். முந்திய ஆண்டில் அங்குப் படித்த இருவரையும், ஆள் எடுக்கும் ஒரு லாரி உரிமையாளரையும் விசாரியுங்கள். நல்ல உரிமையாளர் உரிமத்தைப் பார்த்த கையோடு சாவியைக் கொடுத்துவிடுவதில்லை. முதலில் உடன் அமர்ந்து ஓட்டச் சொல்லிப் பார்க்கிறார். கட்டணத்துக்கு ரசீது வாங்குங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டு வராதீர்கள்.

2021 ஜூலை முதல் அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்கள் என்ற புதிய ஏற்பாடும் நடைமுறையில் இருக்கிறது. கனரக வாகனத்துக்கு அங்கு ஆறு வாரங்களில் 38 மணி நேரப் பயிற்சி, வகுப்புப் பாடமும் உட்பட. அதில் தேறியவருக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஓட்டுச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நடத்தும் பயிற்சி நிலையம் போன்றவற்றிலும் விசாரிக்கலாம். தூரம் என்று தயங்க வேண்டாம்; பிள்ளையைக் கல்லூரிக்குத் தொலைவில் அனுப்புகிற நாம், உயிரோடு விளையாடும் தொழிலுக்கு அருகிலுள்ள பள்ளியே போதும் என்பானேன்?

எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்றை இறுதியில் சொல்கிறோம். பயிற்சிப் பள்ளி ஒவ்வொரு மாணவருக்கும் படிவம் 15 என்ற பதிவை வைத்திருக்க வேண்டும். எந்த நாளில், எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்பது அதில் எழுதப்பட்டு, கையெழுத்தும் இடப்படும். ஓட்டாத நாளுக்கு அதில் கையெழுத்திடுவது என்ன? வெறும் காகித வேலையா? அன்று. பொய்ச்சான்று கூடாது என்னும் எட்டாம் கட்டளையைச் சிறுவயதில் மறைக்கல்வியில் மனப்பாடம் செய்தோம். அக்கட்டளை நீதிமன்றக் கூண்டுக்கு மட்டும் உரியதன்று. இந்தப் படிவத்துக்கும் உரியது. முன்பின் அறியாத ஒரு மனிதர் சாலையில் எதிரே வருகிறார். வரும் லாரியை ஓட்டுபவன் கற்றவன் என்று நம்பித்தான் வருகிறார். அந்த நம்பிக்கைக்கு நாம் தரும் சாட்சியமே அக்கையெழுத்து. வண்டியின் முகப்பில் புனித கிறிஸ்தோபரின் படத்தை ஒட்டிவிட்டு, படிவத்தில் பொய் எழுதுவது பக்தியாகுமா?

இவற்றையெல்லாம் அந்தத் தாய்க்கும் மகனுக்கும் எடுத்துச் சொன்னோம். நமது பழைய தவற்றையும் மறைக்கவில்லை. தாய் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "என் பிள்ளை திரும்பி வர வேண்டும் சுவாமி, அடுத்தவர் வீட்டுப் பிள்ளையும் வீடு திரும்ப வேண்டும்" என்றார். இரண்டாம் பள்ளியிலேயே சேர்த்தார். சங்கிலி அடகுக்குப் போகவில்லை. பங்கிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபையினர் குறைந்த தொகையைக் கைமாற்றாகக் கொடுத்தனர். வேலை கிடைத்ததும் மாதந்தோறும் திருப்பித் தருவதாக ஏற்பாடு.

மூன்றாம் வாரத்தில் அந்த இளைஞன் நம்மைக் காண வந்தான். இரண்டு நாள் பயிற்சி லாரி பழுதாகி நின்றுவிட்டதாம். "சும்மா கையெழுத்துப் போட்டுவிடு தம்பி, எல்லாரும் போட்டுவிட்டார்கள்" என்று அலுவலகத்தில் நோட்டை நீட்டினார்களாம். அவன் போடவில்லை. அந்த இரண்டு நாளையும் பின்னர் ஓட்டித் தருமாறு பணிவோடு கேட்டிருக்கிறான். முதலில் முகம் சுளித்தாலும், பயிற்றுநர் ஒப்புக்கொண்டாராம். "அதனால் இரண்டு நாள் கூலி கூடுதலாகப் போயிற்று சுவாமி" என்று சொல்லிச் சிரித்தான்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை எத்தொழிலுக்குப் போனாலும், சான்றிதழைக் கையில் வாங்கும் நாளில் அவனிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இதில் எழுதியிருப்பது உண்மையா, மகனே?" தலைநிமிர்ந்து 'ஆம்' என்று அவன் சொல்வானாகில், நீங்கள் செலவழித்தது வீண்போகவில்லை. அவன் வண்டியை மந்திரிக்க நாமும் மனநிறைவோடு வருவோம்.