பாம்பைக் கண்டால் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறோம்?

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். அஜக்ஸில் டஃபின்ஸ், கரதர்ஸ் ஓடைகளை அண்டி வாழும் எம்மவர்களுக்குப் பின்வளவில் பாம்பைக் காண்பது புதினமல்ல. கண்டதும் மண்வெட்டியைத் தேடுவது ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம். அதை இங்கே கைவிட வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அத்துடன் நிறுத்தினால் பிள்ளைகளுக்கு அரைவாசிப் பாடமே சொல்லிக் கொடுத்தவர்களாவோம்.

முதலில் இங்கத்தைய நிலைமை. நாம் அதிகம் காண்பது நீளவாக்கில் மஞ்சள் கோடுகள் கொண்ட கார்ட்டர் பாம்பு. மண்புழு, தவளை, நத்தை போன்றவற்றைத் தின்னும், மனிதருக்கு ஆபத்தில்லாதது. உடலில் திட்டுகள் கொண்ட மில்க் பாம்பு எங்கள் கண்ணுக்குப் புடையன் போலத் தெரியும், அதற்கும் விஷமில்லை. ஒன்ராறியோவில் இன்று எஞ்சியுள்ள ஒரே விஷப்பாம்பு மசசாகா. அது ஜோர்ஜியன் குடாவின் கிழக்குக் கரையிலும் புரூஸ் தீபகற்பத்திலும், மிகச் சிறிய அளவில் நயாகரா, வின்ட்சர் பகுதிகளிலும் உண்டு, அஜக்ஸில் இல்லை. கோடையில் கொட்டேஜுக்குப் போகிறவர்கள் மட்டும் அவதானமாக இருக்க வேண்டும்.

குளிருக்கு ஒதுங்க இடம் தேடும் பாம்பு அத்திவார வெடிப்புகள் வழியாகப் பேஸ்மென்றுக்குள் வருவதுண்டு. வாளியொன்றைச் சரித்து வைத்து, தும்புத்தடியால் மெதுவாக உள்ளே தள்ளி, மூடி, வளவின் ஓரத்தில் விட்டால் போதும். உறைபனிக் காலமென்றால் வெளியே விடாமல் வனவிலங்கு மீட்பு நிலையமொன்றைக் கேளுங்கள். கையால் பிடிக்க வேண்டாம். நாற்றமான திரவத்தைப் பீச்சும், கடிக்கவும் கூடும். கடித்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். நப்தலின் உருண்டைகளைப் போடுவதால் பாம்பு போகாது, குழந்தைகளுக்குத்தான் கேடு. கோடையிலேயே வெடிப்புகளையும் குழாய்த் துவாரங்களையும் அடைத்துவிடுங்கள். அடித்துக் கொல்வது சட்டச் சிக்கலிலும் முடியலாம். இங்கே பல பாம்பினங்கள் சட்டப் பாதுகாப்பில் உள்ளன.

இனி மற்ற அரைவாசி. பாம்பு பாவம், ஒன்றும் செய்யாது என்று இங்கே கற்ற பிள்ளை, ஆடி, ஆவணி விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகிறது. அங்கே விறகுக் குவியலுக்குள் சுருண்டிருப்பது கார்ட்டர் பாம்பு அல்ல. கண்ணாடிப் புடையன், சுருட்டை, நாகம், கட்டுவிரியன் நான்கும் வடக்கில் உள்ளன. இலங்கையில் 2012, 2013 காலத்தில் நடந்த நாடளாவிய ஆய்வு, ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாவதாகவும் சுமார் 400 பேர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

ஆகவே பயணத்துக்கு முன் இவற்றையும் சொல்லிக் கொடுங்கள்: இரவில் ரோர்ச் லைற்றும் சப்பாத்தும் இல்லாமல் முற்றத்தில் இறங்கக் கூடாது. நிலத்தில் படுக்கக் கூடாது. கட்டுவிரியன் இரவில் நித்திரையில் இருப்பவரைக் கடிக்கும், பல வேளை வலியே தெரியாது. பாம்பைக் கண்டால் பின்வாங்கிப் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். கடித்தால் கீறவோ, உறிஞ்சவோ, இறுக்கிக் கட்டவோ வேண்டாம். மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட கையை அல்லது காலை அசைக்காமல் நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். பரியாரியாரைத் தேடியோ, கடித்த பாம்பைப் பிடித்துக் காட்டவோ நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். அறிகுறிகளையும் இரத்தப் பரிசோதனையையும் வைத்தே வைத்தியர்கள் சிகிச்சையைத் தீர்மானிப்பார்கள்.

எங்கள் பயத்தை அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் வேண்டாம், இந்த நாட்டின் துணிவை அப்படியே ஊருக்கு அனுப்பவும் வேண்டாம். இரண்டு மண்ணுக்கும் பொதுவான விதி ஒன்றுதான்: பாம்பை அடிக்காதே, கையால் தொடாதே. ஏன் என்பதை மட்டும் இடத்துக்கு ஏற்பச் சொல்லிக் கொடுப்போம்.