சோறு போடுவது எந்த மொழி?

“தமிழ் சோறு போடுமா?” என்னும் வினா, புதுவை மண்ணில் வாழும் எந்தத் தமிழன் காதிலும் விழாமற் போனதில்லை. மகனைத் தமிழ்வழியிற் படிக்க வைக்க விரும்பும் தந்தையிடம் உறவினர் கேட்பதும் இதுவே. கடைப் பலகையைத் தமிழில் எழுதுமாறு வேண்டும் தொண்டரிடம் வணிகர் கேட்பதும் இதுவே. அண்மை ஆண்டுகளில் இவ்வினாவுக்குப் புதியதொரு சான்றும் துணை சேர்ந்துள்ளது. “கனடாவுக்குப் போக வேண்டுமா? பிரஞ்சு படி. தமிழா உன்னை வானூர்தியில் ஏற்றும்?” என்பதே அது. சான்று மெய்யானதுதான். அச்சான்றிலிருந்து பெறப்படும் முடிவே பொய்யானது.

முதலில் சான்றைப் பார்த்தல் வேண்டும். வெளிநாட்டு வேலைக்குச் செல்வோர் பெரும்பாலும் ஒரு முதலாளியின் அழைப்பைக் கைக்கொண்டே செல்கின்றனர். வளைகுடா நாடுகளில் உழைக்கும் தமிழர் பலர் நிலை அதுவே. அழைத்தவன் கைவிட்டால், அங்கே இருக்கும் உரிமையும் ஆட்டங்காணும். கனடாவும் ஆத்திரேலியாவும் இதற்கு மாறானதொரு வழியையும் திறந்து வைத்திருக்கின்றன. அவ்வழியில் முதலாளி அழைக்க வேண்டியதில்லை. எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. தொழிற்றிறம் உடையார் தம் கல்வி, பட்டறிவு, அகவை, மொழியறிவு ஆகியவற்றைத் தாமே எடுத்துக்காட்டி, நிலைக்குடியிருப்பு உரிமையைத் தாமே வேண்டலாம். தகுதி ஒவ்வொன்றுக்கும் இத்துணைப் புள்ளி என வகுத்து, மிகுந்த புள்ளி பெற்றாரை அரசே அழைக்கும்.

கனடா இப்புள்ளிமுறையை 1967-இல் தொடங்கியது. 2015 சனவரியிலிருந்து ‘எக்சுபிரசு என்றி’, அஃதாவது விரைவு நுழைவு என்னும் ஏற்பாட்டின்வழி வேண்டுவோரை வரிசைப்படுத்தி வருகின்றது. அவ்வரிசையில் வேலைவாய்ப்பு மடலுக்கெனத் தரப்பட்டு வந்த கூடுதற் புள்ளிகளையும் 2025 மார்ச்சில் நீக்கிவிட்டது. முதலாளியின் கைம்மடலுக்கு அவ்வரிசையில் இருந்த எடை அன்றோடு போயிற்று. ஆயின், எடை குறையாமல் நிற்பது ஒன்று உண்டு. அது மொழி.

2024-இல் நடைமுறையிலிருந்த கணக்கின்படி, தகுதி காணும் முதற்படியில் 100-க்கு 67 புள்ளி பெறுதல் வேண்டும். அந்த 100-இல் கல்விக்கு 25, பட்டறிவுக்கு 15, அகவைக்கு 12, மொழிக்கோ 28! பல்லாண்டு பாடுபட்டுப் பெற்ற பட்டத்தினும் மொழிக்கே மேலிடம். மொழியென அங்கே கருதப்படுவன ஆங்கிலமும் பிரஞ்சும் மட்டுமே. அடுத்த படியாகிய 1200 புள்ளிக் கணக்கிலும், பிரஞ்சு வல்லார்க்கு 2020-இலிருந்து 50 புள்ளி வரை கூடுதலாகக் கிடைத்தது. 2023-இலிருந்து பிரஞ்சு அறிந்தாரை மட்டுமே அழைக்கும் தனிச் சுற்றுகளும் நடத்தப்பட்டன. அதன் பயன் என்ன? 2024 பிப்பிரவரி 28 அன்று நடந்த பொதுச் சுற்றில் அழைப்புப் பெற 534 புள்ளி வேண்டியிருந்தது. மறுநாளே நடந்த பிரஞ்சுச் சுற்றில் 336 புள்ளியே போதியதாயிற்று. இடைவெளி 198 புள்ளி! புதுவை இளைஞன் பிரஞ்சு வகுப்பை நாடுவதில் வியப்பென்ன இருக்கின்றது? அவனைக் குறை கூறுவார் இக்கணக்கை ஒருமுறையேனும் பார்த்தல் வேண்டும்.

இனி, முடிவைப் பார்ப்போர் பார்க்கட்டும். பிரஞ்சு மொழிக்கு அந்த 198 புள்ளி எங்கிருந்து வந்தது? அதன் எழுத்திலிருந்து வந்ததா? அதன் இனிமையிலிருந்து வந்ததா? இல்லை, சட்டத்திலிருந்து வந்தது.

கனடாவில் பிரஞ்சு பேசுவோர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரே. சுற்றிலும் ஆங்கிலப் பெருங்கடல். ‘ஆங்கிலமே சோறு போடும், பிரஞ்சு எதற்கு?’ என்று அவர்களும் சோர்ந்திருக்கலாம். அவர்கள் சோரவில்லை. 1969-இல் ஆங்கிலத்தோடு பிரஞ்சும் நாட்டின் ஆட்சிமொழியாகச் சட்டமாயிற்று. 1977-இல் கியூபெக்கு மாநிலம், பள்ளியிலும் பணியிடத்திலும் வணிகத்திலும் கடைப் பலகையிலும் பிரஞ்சுக்கே முதன்மை தரும் பட்டயத்தை இயற்றிக்கொண்டது. கியூபெக்குக்கு வெளியே சிதறி வாழும் பிரஞ்சுக் குமுகாயம் தேய்ந்துவிடாதிருக்க, அங்குக் குடியேறுவோரில் 2024-இல் 6 விழுக்காட்டினரேனும் பிரஞ்சு பேசுவோராய் இருத்தல் வேண்டும் என்று நடுவணரசே இலக்கு வகுத்தது. அந்த இலக்கின் நிழல்தான் புதுவைத் தெருவில் பிரஞ்சு வகுப்பாக விழுகின்றது. தம் மொழியைக் காக்க எண்ணிய மக்கள் இயற்றிய சட்டம், ஏழு கடலுக்கு அப்பாலுள்ள தமிழன் பிள்ளையையும் அம்மொழியைப் படிக்க வைக்கின்றது!

புதுவை வரலாறும் இதனையே சொல்லும். 1881 செப்தம்பர் 21-இல் பிரஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. தம் குலவழக்கைத் துறந்து பிரஞ்சு உரிமைச் சட்டத்தை ஏற்போர் பிரஞ்சியர்க்கு நிகராகலாம் என்றது அவ்வாணை. துறந்தோர் புதிய குடும்பப்பெயரும் பூண்டனர். அவருள் முன்னின்ற வழக்குரைஞர் பொன்னுத்தம்பி பிள்ளை பூண்ட பெயர் ‘லா போர்த்து’. அப்பிரஞ்சுச் சொல்லுக்குப் பொருள் ‘கதவு’ என்பதாம்! சாதிக் கொடுமையினின்று விடுபட அக்கதவைத் தட்டியோரும் உண்டு; அவரைப் பழித்தற்கில்லை. துறந்தோர் பலர் இந்தோசீனத்தில் பிரஞ்சு அரசின் அலுவல்களில் அமர்ந்தனர். பின்னர், 1956 மே 28-இல் கையெழுத்தாகி 1962 ஆகசுட்டு 16-இல் நடைமுறைக்கு வந்த ஒப்படைப்பு ஒப்பந்தம், ஆறு திங்களுக்குள் எழுதிக் கொடுப்போர் பிரஞ்சுக் குடியுரிமையைத் தக்க வைத்துக்கொள்ளலாம் என்றது. ஒரு தாளில் இட்ட கையெழுத்து, வழிவழியாக வந்த பிள்ளைகளுக்கும் பாரிசின் வாயிலைத் திறந்து வைத்தது. 1881-இல் ஓர் ஆணை. 1962-இல் ஓர் ஒப்பந்தம். 2023-இல் ஒரு புள்ளிக் கணக்கு. மூன்று முறையும் சோற்றை வைத்தது சட்டம். பெயரைத் தட்டிக்கொண்டது பிரஞ்சு.

அதே ஒப்பந்தம் தமிழுக்கும் ஒரு வாய்ப்பைத் தந்தது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பெற்ற பேராளர் வேறு முடிவு செய்யும்வரை பிரஞ்சே ஆட்சிமொழியாய் நீடிக்கும் என்று அதன் 28-ஆம் பிரிவு கூறிற்று. முடிவு செய்யும் உரிமை புதுவை மக்கள் கையிலேயே இருந்தது. 1965-இல் ஆட்சிமொழிச் சட்டமும் வந்தது. தமிழ் ஆட்சிமொழி என்றது. மாகியில் மலையாளமும் ஏனாமில் தெலுங்கும் என்றது. அம்மட்டில் நன்று. ஆனால், ஆங்கிலமும் தொடர்ந்து ஆளப்படலாம் என்று பின்கதவையும் அச்சட்டம் திறந்து வைத்தது. முன்வாயிலில் தமிழுக்கு மாலை. பின்கதவில் ஆங்கிலத்துக்குச் சோறு! 2011 கணக்கெடுப்பின்படி 12 இலக்கத்துக்கு மேற்பட்ட மக்களுள், பத்தில் எட்டுப் பேருக்கு மேல் தமிழரே வாழும் மண்ணில், கோப்பு ஆங்கிலத்தில் நகர்கின்றது. ஆணை ஆங்கிலத்தில் பிறக்கின்றது. 2023–24 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளும் நடுவண் வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. மொழியின் தட்டிலிருந்த சோற்றை எல்லாம் வழித்தெடுத்துவிட்டு, ‘இம்மொழி சோறு போடுமா?’ என்று கேட்பது எத்தகைய அறிவு? எத்தகைய நேர்மை?

தமிழுக்கு எங்குமே எடையில்லை என்பதும் பொய். ஆத்திரேலியாவில், முதலாளியும் மாநில அரசும் பொறுப்பேற்க வேண்டாத 189-ஆம் பிரிவு நுழைவுரிமைக்குக் குறைந்தது 65 புள்ளி வேண்டும். சிறந்த ஆங்கிலத் திறனுக்கு 20 புள்ளி வரை உண்டு. அதே கணக்கில், அந்நாட்டில் வாழும் குடியேறிய இனத்தாரின் மொழியறிவுக்கும் 5 புள்ளி உண்டு. அம்மொழிகளுள் தமிழும் ஒன்று! ஆங்கிலப் பேச்சைத் தமிழிலும், தமிழ்ப் பேச்சை ஆங்கிலத்திலும் பெயர்த்துச் சொல்லும் தேர்வில் வெற்றி பெறுதல் வேண்டும். மருத்துவமனையிலும் வழக்குமன்றத்திலும் தமிழர்க்குத் தமிழில் எடுத்துரைக்க ஆள் வேண்டும் என்பதை அயல்நாட்டரசு உணர்ந்திருக்கின்றது. தமிழ்நாட்டிலும் புதுவையிலும் பிறந்து, ஆங்கிலவழியிலேயே படித்து, தமிழில் நான்கு தொடரைத் தடையின்றிச் சொல்லவியலாத இளைஞன் அத்தேர்வில் தடுமாறுவானாயின், ‘தமிழ் எதற்கு?’ என்று அவனுக்குக் கற்பித்த பெற்றோர் அந்த 5 புள்ளியை எந்தக் கடையில் வாங்கிக் கொடுப்பர்?

வெளிநாடு செல்வோரைத் தடுக்க வேண்டும் என்பதன்று இதன் கருத்து. கடல்கடந்து வாழ்தல் தமிழனுக்குப் புதிதன்று. பிரஞ்சு கற்பதும் குற்றமன்று, எம்மொழியையும் கற்கலாம். செல்ல விரும்புவோர் தெளிந்த அறிவோடு செல்லுதல் வேண்டும். முதலாளி வேண்டாத வழி என்பதனால் அது உறுதியான வழி என்று எண்ணிவிடுதல் கூடாது. வரிசையில் நிற்பது வேறு. அழைப்புப் பெறுவது வேறு. மொழித்தேர்வுச் சான்று ஈராண்டுக்கே செல்லும். புள்ளியை விற்கும் ஆற்றல் எந்த இடைத்தரகருக்கும் இல்லை. முகவரை அமர்த்துமாறு கனடா அரசு எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. கூலி பெற்று வழிகாட்டுவோர் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும் என்பதும் அந்நாட்டுச் சட்டம். இவற்றை அறியாமல், நிலத்தை அடகு வைத்துத் தரகன் கையில் பணத்தைக் கொட்டுவது அறிவுடைமை ஆகாது.

ஆனால், செல்வோர் சிலரே, இருப்போர் பலர். இருப்போர்க்கு வேண்டுவது யாது? புதுவை அரசுப் பணி ஒவ்வொன்றுக்கும் தமிழ்த் தேர்வைக் கட்டாயமாக்குதல் வேண்டும். தமிழ்நாட்டரசு 2021-இல் பணித்தேர்வுகளில் தமிழ்த்தாளைக் கட்டாயத் தகுதியாக்கியது. தமிழ்வழிக் கற்றோர்க்கு 20 விழுக்காடு இடவொதுக்கீட்டை அதற்கு முன்பே, 2010-இல் சட்டமாக்கியது. இவற்றுக்கு நிகரான சட்டம் புதுவைக்கும் வேண்டும். 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்கதவு அடைக்கப்படல் வேண்டும். கோப்பும் ஆணையும் தமிழில் வருதல் வேண்டும். அரசுப் பள்ளியில் எந்தப் பாடத்திட்டம் நடப்பினும் தமிழ் விலக்கவொண்ணாத பாடமாதல் வேண்டும்.

ஐந்தில் ஒரு பங்கினர் தம் மொழியைத் தம் நாட்டின் வாயிற்கே திறவுகோலாக்கிக் கொண்டனர். பத்தில் எட்டுப் பங்கினர் தம் மொழியைத் தம் வீட்டு வாயிலிலேயே காத்து நிற்க வைத்திருக்கின்றனர். குறை மொழியிடத்தன்று. தமிழ் சோறு போடுமா என்று கேட்போர், தமிழின் இலையில் சோறிடத் தம் சட்டமன்றத்தாரைக் கேட்டனரா என்பதற்கு முதலில் விடை கூறட்டும்.