பன்னிரண்டு வாரங்களில் எல்லாச் சமயங்களும்

கல்லூரிப் பிள்ளைகள் தங்கள் பாடங்களில் ஒரு பகுதியை இணையவழி படித்துத் தேறிவிடலாம் என்றாகிவிட்டது. 2017இல் நடுவணரசு தொடங்கிய 'ஸ்வயம்' தளமும், ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை இவ்வாறு படிக்க இடமளித்துப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் வகுத்த விதிகளும் இதற்கு வழிசெய்தன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பாடங்களும் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. உலகச் சமயங்களை அவற்றின் மறைநூல்கள் வழியாக அறிமுகம் செய்யும் ஒரு தொடரை ஹார்வர்டு 2016இலேயே இலவசமாகத் திறந்துவைத்தது. செங்கல்பட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் சிலரும் இவ்வகை அறிமுகப் பாடங்களைப் படிக்கிறார்கள். ஐயம் எழும்போது தமிழாசிரியனாகிய என்னிடம் வருகிறார்கள். மணிமேகலை நடத்துகிறவனுக்குச் சமயம் தெரிந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

இத்தகைய பாடம் வேண்டும் என்பதே என் கட்சி. அதை இப்போது கற்பிக்கிற முறையோடுதான் எனக்கு வழக்கு.

முதலில், 'அரசுப் பணத்தில் சமயம் கற்பிக்கலாமா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். அரசியலமைப்பின் 28ஆம் உறுப்பு தடை செய்வது சமயப் போதனையை. சமயங்களைப் பற்றிய கல்வி வேறு. இந்த வேறுபாட்டைக் கோத்தாரிக் குழு (1964–66) எடுத்துச் சொன்னது. உச்சநீதிமன்றமும் 2002இல் அருணா ராய் வழக்கில் ஏற்றுக்கொண்டது. அதற்கும் முன்பே, இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்வி ஆணையம் (1948–49) மூன்றாண்டுத் திட்டம் ஒன்றை முன்வைத்தது. முதலாண்டில் புத்தர், கன்பூசியஸ், இயேசு, முகம்மது, இராமானுசர், கபீர், நானக் போன்றோரின் வாழ்க்கை. இரண்டாமாண்டில் உலக மறைநூல்களிலிருந்து தேர்ந்த பகுதிகள். மூன்றாமாண்டில் சமயத் தத்துவத்தின் அடிப்படைச் சிக்கல்கள். அத்திட்டம் ஏட்டோடு நின்றது. மூன்றாண்டுக்கு வகுத்ததைத்தான் இன்று பன்னிரண்டு வாரக் காணொளிகளுக்குள் அடைக்கப் பார்க்கிறோம்.

சரி, குறை எங்கே? பெரும்பாலான அறிமுகப் பாடங்களில் ஒவ்வொரு சமயத்துக்கும் நான்கு கட்டங்கள்: தோற்றுவித்தவர், மறைநூல், கொள்கை, பண்டிகை. வார முடிவில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள். இந்த அச்சு பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வார்க்கப்பட்டது. மாக்ஸ் முல்லர் பதிப்பித்த 'கிழக்கின் புனித நூல்கள்' வரிசை 1879 தொடங்கி 1910 வரை ஐம்பது தொகுதிகளாக வெளிவந்தது. நூல் உள்ளதே சமயம் என்ற எண்ணம் அதோடு வேரூன்றிவிட்டது. 'உலகச் சமயங்கள்' என்ற வகைப்பாடே ஐரோப்பியக் கற்பிதம்தான் என்று டொமோக்கோ மசுசாவா 2005இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

இந்த அச்சைக் கொண்டுவந்து நம் கடற்கரையில் வைத்துப் பாருங்கள். மாசி மக முழுநிலவன்று வட தமிழகத்து இருளர்கள் குடும்பம் குடும்பமாக மாமல்லபுரத்துக்கு வருகிறார்கள். புடவைகளைக் கட்டி மணலிலேயே கூடாரம் அமைத்துத் தங்குகிறார்கள். விடியலில் மணலைக் குழைத்துப் படிகள் எழுப்பிக் கன்னியம்மனை வழிபடுகிறார்கள். திருமணங்கள் நடக்கின்றன, சம்பந்தங்கள் பேசப்படுகின்றன. தோற்றுவித்தவர் என்ற கட்டமும் மறைநூல் என்ற கட்டமும் இங்கே காலியாகவே கிடக்கும். இப்பாடத்தைப் படித்த பிள்ளை ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "எங்க சாமி எந்த வாரத்துல வருது சார்?" ஒரு பாடத்திட்டத்தை எடைபோட இதைவிட நல்ல வினாவை நான் கேட்டதில்லை.

'இந்து சமயம்' என்று ஒரே வாரத்தில் முடித்துவிடுவதற்கும் மல்லை இடம் கொடுக்காது. கடற்கரைக் கோயிலில் சிவனுக்கு இரண்டு கருவறைகள், நடுவே பள்ளிகொண்ட திருமாலுக்கு ஒன்று. இதைக் காட்டிச் சமய ஒற்றுமை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் சற்றுத் தொலைவில் குன்றின் மேல் இராமானுச மண்டபம் என வழங்கும் குடைவரை இருக்கிறது. உருத்திரன் குடிகொள்ளாத நெஞ்சினரைத் திரும்பத் திரும்பச் சபிக்கும் வடமொழிக் கல்வெட்டு அங்கே உண்டு. அதே குடைவரையின் சைவச் சிற்பங்கள் பிற்காலத்தில் செதுக்கி எடுக்கப்பட்டு, சுவரில் நிழல்போல் நிற்கின்றன. சங்கும் சக்கரமும் புதிதாக ஏறியிருக்கின்றன. அந்தச் சாபமும் இந்த உளியும் ஒரே சமயத்தின் இரு பிரிவுகளுக்குள் நடந்த வெறும் உரசல்தானா, இரண்டு சமயங்களின் மோதலா? இக்கேள்வியோடு மாணவனை அந்தச் சுவருக்கு முன் நிறுத்தினால், 'சமயம்' என்ற சொல்லையே அவன் ஐயுறத் தொடங்குவான். கல்வி அங்கேதான் தொடங்குகிறது.

*

சமயங்களை வரிசையாக நிறுத்திக் கற்பது நமக்குப் புதிதல்ல. மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில் அவள் ஆண் துறவி வேடத்தில் வஞ்சி நகர்ச் சமயவாதிகளிடம் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். சைவவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர், பூதவாதி எனப் பட்டியல் நீள்கிறது. கண்ணால் கண்டதே உண்மை என்னும் பூதவாதியை, அப்படியானால் உன் தாய் தந்தையரை நீ எவ்வாறு அறிந்தாய் என்று மடக்குகிறாள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பரபக்கம் என்றே ஒரு பகுதி வகுத்தார். பிறர் கொள்கையை முதலில் முறையாக எடுத்துரைத்துப் பிறகே அதை மறுக்கிறார். மாற்றாரின் நூலைப் படிக்காமல் மாற்றாரை மறுக்கலாகாது என்ற ஒழுங்கு அது. இன்றைய தொலைக்காட்சி விவாதங்களுக்கு அந்த ஒழுங்கில் பாதியாவது வாய்த்திருக்கலாம்.

ஆனாலும் அம்முறையின் எல்லையை மறைக்கக் கூடாது. கேட்பது மறுப்பதற்காகவே. ஆசீவகரின் நூல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களைப் பற்றித் தமிழில் விரிவாக அறிய மணிமேகலை, நீலகேசி, சித்தியார் ஆகிய மூன்றைத்தான் நாடவேண்டும். ஒன்று பௌத்தம், ஒன்று சமணம், ஒன்று சைவம். மூன்றும் எதிராளியின் சாட்சியங்கள். ஒரு சமயம் தன் வாயால் தன்னைச் சொல்லிக்கொள்ள வழியில்லாமல் போனால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டியதில்லை. இருளர் வழிபாட்டுக்கும் நாளை இதே கதி நேரலாம்.

இதே வட்டாரத்தில் நடந்த இன்னொரு விவாதமும் பாடத்தில் இடம்பெறத் தக்கது. 1938 டிசம்பரில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பன்னாட்டுக் கிறித்தவ மறைப்பணி மன்றத்தின் மாநாடு கூடியது. பிற சமயங்களுக்கும் கிறித்தவச் செய்திக்கும் இடையே தொடர்ச்சியே இல்லை என்று அம்மாநாட்டுக்காக நூல் எழுதியிருந்தார் டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர். அவரை மறுத்து நின்றவர்களில் ஒருவர் ஏ. ஜி. ஹாக். அக்கல்லூரியில் நெடுங்காலம் தத்துவம் கற்பித்தவர், தாமும் கிறித்தவர். பிற சமயத்தாரின் வாழ்விலும் இறைவனோடு மெய்யான உறவு உண்டு என்பது அவர் நிலைப்பாடு. ஹாக்கின் மாணவர்களுள் ஒருவர் இராதாகிருஷ்ணன். பிற சமயத்துப் பிள்ளைகளோடு பல்லாண்டு வகுப்பறையைப் பகிர்ந்துகொண்டதே ஹாக்கை இந்நிலைப்பாட்டுக்குக் கொண்டுவந்தது என்றே நான் கொள்கிறேன்.

ஆகவே என் யோசனை எளியது. காணொளிகள் இருக்கட்டும்; மெக்காவையும் லும்பினியையும் செங்கல்பட்டில் இருந்தபடி பார்க்க வேறு வழியில்லை. ஆனால் மதிப்பெண்ணில் பாதியைக் களப்பணிக்கு ஒதுக்க வேண்டும். மாணவன் தன் சமயமல்லாத ஒரு வழிபாட்டிடத்துக்குப் போகட்டும். கோவளத்தில் பல சமயத்தாரும் வந்துபோகும் தமீம் அன்சாரி தர்கா இருக்கிறது. அதே ஊரில் கார்மேல் அன்னை ஆலயம் இருக்கிறது. அங்குள்ளவர் நம்புவதை ஒரு பக்கத்தில் எழுதி, அவர்களுக்கே படித்துக்காட்டி, 'ஆமாம், நாங்கள் சொல்வது இதுதான்' என்று அவர்கள் ஒப்பும்வரை திருத்தட்டும். ஒரு சமயத்தைப் பற்றிய கூற்று அச்சமயத்தார் ஏற்கும்போதுதான் செல்லும் என்ற வில்ஃப்ரெட் கான்ட்வெல் ஸ்மித்தின் அளவுகோலும் இதுவே. மறுப்பதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இன்றைய சூழலில் மாணவர்களை இப்படி அனுப்புவது வம்பு என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அச்சம் பொய்யல்ல, நிறுவனத்தின் முன்னனுமதியும் ஆசிரியரின் துணையும் இன்றி அனுப்பக் கூடாதுதான். ஆனால் அனுப்பாவிட்டால் அவர்கள் சமயங்களைப் பற்றி ஒன்றும் அறியாமல் இருந்துவிடுவார்கள் என்று நினைப்பது தவறு. கைப்பேசியில் வந்துவிழும் வெறுப்புத் துணுக்குகளிலிருந்து நாள்தோறும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் பாடத்துக்கு யாருடைய முன்னனுமதியும் தேவைப்படுவதில்லை.