கோட்டையை யார் கட்டுகிறார்கள்?

குழந்தைகளின் கற்பனையை வளர்க்க என்ன செய்யலாம் என்று கேட்டால், நம்மில் பலருக்கு உடனே வாயில் வரும் பதில், "நல்ல கிளாஸா பார்த்து சேர்த்து விடுங்க" என்பதுதான். நான் அந்தக் கட்சி இல்லை. கற்பனைக்கு வகுப்பு வேண்டாம், கடையில் விற்கும் கிட் வேண்டாம், பரிசு வேண்டவே வேண்டாம். வேண்டியவை நான்குதான். கொஞ்சம் சாமான்கள், கொஞ்சம் நேரம், வீட்டில் ஒரு மூலை, கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கத் தெரிந்த பெரியவர்கள். முதல் மூன்றும் சுலபம். நான்காவதுதான் கிடைப்பதில்லை :)

புனேயில் இருப்பதால் இதற்கு நல்ல உதாரணம் ஒன்று கைவசம் இருக்கிறது. இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மகாராஷ்டிராவில் தீபாவளி என்றால் பட்டாசும் பலகாரமும் மட்டும் இல்லை, 'கில்லா'வும் உண்டு. கில்லா என்றால் கோட்டை. பண்டிகைக்குச் சில நாள் முன்பே பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து, வீட்டு வாசலிலோ அடுக்குமாடி வளாகத்தின் ஓரத்திலோ மண் கோட்டை கட்டுவார்கள். கல்லையும் உடைந்த செங்கல்லையும் குவித்து, மேலே பழைய கோணிச் சாக்கைப் போர்த்தி, குழைத்த மண்ணைப் பூசினால் மலை தயார். அதில் படிக்கட்டு, கொத்தளம், சுனை, குகை எல்லாம் வரும். கடுகைத் தூவித் தண்ணீர் தெளித்துவந்தால் மூன்று நான்கு நாளில் சரிவெல்லாம் பச்சை. உச்சியில் சிம்மாசனத்தில் சிவாஜி மகாராஜ் பொம்மை, கீழே அவருடைய மாவளே வீரர்கள். குகைக்குள் ஒரு புலி. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கார் நின்றாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

இதை முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது நம் ஊர் கொலு பார்க். கொலு வைக்கிற வீடுகளில் படிகள் பெரியவர்களுடையவை. எந்தப் படியில் எந்த பொம்மை என்பதில் பிள்ளைகளுக்கு வாக்குரிமை கிடையாது. ஆனால் கீழே தரையில் இருக்கிற பார்க் அவர்களுடைய ராஜ்ஜியம். மணலைப் பரப்பி, கேழ்வரகோ கடுகோ முளைக்க விட்டால் புல்வெளி. முகம் பார்க்கும் கண்ணாடி குளம் ஆகிவிடும், கசக்கிய பழுப்புத் தாள் மலை ஆகிவிடும். யானை உயரத்துக்கு ஒரு வாத்து நிற்கும், வாத்து உயரத்துக்கு ஒரு பஸ் நிற்கும். சுண்டலுக்கு வருகிற மாமிகள் "அட, நன்னா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போவார்களே தவிர, அளவு சரியில்லை என்று யாரும் சொன்னதில்லை.

மராத்திப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே கடுகு முளைக்க விட்டுப் புல்வெளி செய்யக் கற்றிருக்கிறார்கள், கவனித்தீர்களா? இரண்டிலும் ஆசிரியர் இல்லை. இப்படித்தான் வரவேண்டும் என்ற மாதிரி இல்லை. மதிப்பெண் இல்லை. பண்டிகை முடிந்ததும் கலைத்துவிடலாம். பெரியவர்களுக்கு வேறு வேலை இருந்தது, பிள்ளைகளை விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் ரகசியம்.

இப்போது என்ன நடக்கிறது? கடையில் ரெடிமேட் கில்லா வந்துவிட்டது. அதைக்கூட மன்னித்துவிடலாம். எங்கள் குடியிருப்பில் சில வருடங்களாகக் கில்லாவுக்குப் போட்டி வைக்கிறார்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, நடுவர்கள் என்று அமர்க்களம். போட்டி வந்தது, பின்னாலேயே அப்பாக்கள் வந்தார்கள். லேப்டாப்பில் ராய்கட் கோட்டையின் படத்தைத் திறந்து வைத்து, டேப் பிடித்து அளந்து, எல்இடி விளக்கு போட்டு, மீன்தொட்டி மோட்டார் வைத்து அருவி விட்டு... பொறியாளர்கள் நிறைந்த ஊரில் கேட்க வேண்டுமா? பிள்ளைகளின் பங்கு, வாளியில் தண்ணீர் கொண்டு வருவதும் "தொடாதே, இன்னும் காயலை" என்று திட்டு வாங்குவதும். போன தடவை முதல் பரிசு வாங்கிய கோட்டை உண்மையிலேயே அழகுதான். பரிசை வாங்கிக்கொண்டு வந்த எட்டு வயதுப் பையனிடம், "இதுல நீ எதைக் கட்டினே?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "கடுகு போட்டேன் அங்கிள்" என்றான்.

பள்ளிக்கூட ப்ராஜெக்ட் கதையும் இதேதான். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு ஸ்டேஷனரி கடையில் சார்ட் பேப்பர் தேடி நிற்கும் பெற்றோரைப் பார்த்தால் யாருக்கு வீட்டுப்பாடம் என்று புரிந்துவிடும்.

பரிசு கொடுத்தால் பிள்ளைகளுக்கு உற்சாகம் வரும் என்பது நம் நம்பிக்கை. இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவர் 1973ல் வெளியிட்ட ஆய்வு இது. நடந்த இடம் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு மழலையர் பள்ளி. ஏற்கெனவே படம் வரைவதில் ஆசையுள்ள சின்னப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, அதே போலக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு எதுவும் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து, விளையாட்டு நேரத்தில் யார் தானாகவே பேனாவை எடுக்கிறார்கள் என்று கவனித்தார்கள். முன்கூட்டியே ஆசை காட்டப்பட்ட பிள்ளைகள் வரைவதில் செலவழித்த நேரம், மற்ற இரண்டு குழுக்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ பாதிதான்! விளையாட்டாக இருந்தது வேலையாக மாறிவிட்டது. கூலி இல்லாமல் யார் வேலை செய்வார்கள்?

"கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று நண்பர்கள் மூன்று விஷயம் சொல்வார்கள்.

முதலாவது, சொல்லிக் கொடுக்காமல் திறமை எப்படி வரும்? நியாயமான கேள்வி. கத்தரிக்கோல் பிடிப்பது, ஊசியில் நூல் கோப்பது, முடிச்சுப் போடுவது, மைதா பசை காய்ச்சுவது, இதையெல்லாம் கட்டாயம் சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும். சின்னப் பிள்ளை என்றால் கத்தரியும் ஊசியும் நம் கண்பார்வையில்தான் இருக்க வேண்டும், அடுப்பு வேலை நம்முடையது. நான் சொல்வது இதுதான். கருவியைச் சொல்லிக் கொடுங்கள். அதை வைத்து என்ன செய்வது என்பதைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். கிட் இதற்கு நேர் எதிர். பத்துத் துண்டு, பத்துப் படி, பெட்டியின் மேல் உள்ள படம் போல வந்தால் வெற்றி, வராவிட்டால் அழுகை. சொன்னதைச் செய்து முடிக்கிற பழக்கம் வரும். அதுவும் நல்ல பழக்கம்தான், ஆனால் அதற்குப் பெயர் கற்பனை இல்லை.

இரண்டாவது, வாடகை வீடு. சுவரில் கிறுக்கினால் அட்வான்ஸில் பெயின்ட் காசைப் பிடித்துக்கொள்வார்களே? உண்மை. இரண்டு பெட்ரூம் வீட்டில் முற்றமும் இல்லை, திண்ணையும் இல்லை. அதனால்தான் ஒரு மூலை என்கிறேன். பழைய போர்வை ஒன்றை விரித்தால் அந்தச் சதுரம் பிள்ளையுடையது. குப்பை அதற்குள் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், வெளியே வரக்கூடாது. பாதி செய்த பொருளைக் கேட்காமல் குப்பையில் போடமாட்டோம் என்று நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும். வேலைக்கு வருகிற அக்காவிடமும் சொல்லி வைப்பது நல்லது.

சாமானுக்குச் செலவு கிடையாது. ஆன்லைனில் வாங்கும் ஒவ்வொன்றும் ஒரு அட்டைப்பெட்டியோடு வருகிறது. கல்யாணப் பத்திரிகைகள், தேங்காய் ஓடு, தையல்காரரிடம் வெட்டுத்துணி, துடைப்பத்து ஈர்க்குச்சி, பழைய சைக்கிள் ட்யூப், போதாதா? புனேக்காரர்களுக்கு அர்விந்த் குப்தாவைத் தெரிந்திருக்கும். ஐஐடி கான்பூரில் படித்த பொறியாளர். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் ட்யூபையும் வைத்தே பிள்ளைகளுக்கு வடிவியல் காட்டியவர். குப்பையிலிருந்து பொம்மை செய்வதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டு, 2003 முதல் 2014 வரை இங்கே ஐயூகா வளாகத்தில் உள்ள சிறுவர் அறிவியல் மையத்தில் இருந்தார். 2018ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருடைய புத்தகங்களும் படங்களும் இணையத்தில் இலவசம். ஒரு தடவை அவர் காட்டியபடி செய்த பிள்ளை, அடுத்த தடவை அதை வேறு ஏதோவாக மாற்றும். மாற்ற விடுங்கள்.

மூன்றாவது, நேரம். இருவரும் வேலைக்குப் போகிறோம், யார் கூட உட்காருவது? இங்கேதான் ஒரு நல்ல செய்தி, யாரும் உட்கார வேண்டாம். உட்கார்ந்தால்தான் பிரச்சினை! "சூரியனுக்கு ஏன் ஊதா கலர்?" என்று கேட்க வாய் துறுதுறுக்கும். பக்கத்து அறையில் உங்கள் வேலையைப் பாருங்கள், கூப்பிட்டால் போங்கள். முதல் இருபது நிமிடம் "போரடிக்குது" என்று புலம்பல் வரும். அந்த நேரத்தில் போனைக் கையில் கொடுக்காமல் தாக்குப் பிடித்துவிட்டால், அதற்குப் பிறகு சத்தம் இருக்காது. போய்ப் பார்த்தால் செருப்பு டப்பா ரயிலாகி இருக்கும். செய்து கொண்டுவந்து காட்டும்போது "என்ன இது?" என்று கேட்காதீர்கள், "இதைப் பத்திச் சொல்லேன்" என்று கேளுங்கள். "சூப்பர்" என்று ஒரே வார்த்தையில் முடித்தால், நாம் பார்க்கவில்லை என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

வெளி மாநிலத்தில் இருக்கிற நமக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. வீட்டுத் தமிழில் நம் பிள்ளைகள் கேட்கும் வினைச்சொற்கள் எத்தனை? சாப்பிடு, குளி, தூங்கு, சீக்கிரம் கிளம்பு. கைவேலையில் உட்கார்ந்தால்தான் கிழி, மடி, செருகு, முடி, பிசை, உருட்டு, கோத்துக் கட்டு எல்லாம் வரும். பாட்டி தாத்தா ஊரிலிருந்து வந்திருக்கிறபோது இதைச் சோதித்துப் பாருங்கள். பாடமாக நடத்தினால் ஏறாத சொல், பசை ஒட்டிய விரலோடு கேட்டால் ஏறிவிடுகிறது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் காலக் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 11 மகாராஷ்டிராவில், மீதி ஒன்று நம் செஞ்சி. சிவாஜி 1677ல் கைப்பற்றிய கோட்டை. இதைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னதோடு சரி. தீபாவளிக்கு என் மகளும் அவளுடைய மராத்தித் தோழிகளும் கட்டிய கில்லாவில் மூன்று மலைகள் இருந்தன. நடுவில் ஒரு பஸ் ஸ்டாண்ட், அதில் தமிழில் 'திண்டிவணம்' என்று ஒரு போர்டு. செஞ்சிக்குப் போக அங்கேதான் இறங்க வேண்டும் என்று தோழிகளுக்கு விளக்கம் வேறு. மூன்று சுழி 'ண'வை அன்றைக்கு நான் திருத்தவில்லை. எழுத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் சரிந்துகொண்டே இருந்த அந்தக் கோட்டைக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் எந்தக் கல்லை யார் வைத்தார்கள் என்று நால்வருக்கும் தெரியும்.

வரப்போகும் சொசைட்டி கூட்டத்தில் ஒரு யோசனை சொல்லப் போகிறேன். பரிசை எடுத்துவிடுவோம். அதற்குப் பதில், கட்டிய பிள்ளைகள் தங்கள் கோட்டைக்குப் பக்கத்தில் நின்று அதன் கதையைச் சொல்லட்டும், நாம் சுற்றி வந்து கேட்போம். அருவி விட்ட அப்பாக்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கப் போகிறார்கள், தெரியும். பார்த்தால் பார்க்கட்டும். அவர்களுக்கு அவ்வளவு ஆசை இருந்தால், பெரியவர்களுக்கென்று தனியாக ஒரு கில்லா போட்டி வைத்துவிட்டால் போகிறது. தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள் :)